ஸ்டீயரிங் வீலுக்கு மாறியதும் லேப் டைம் மூன்றரை வினாடி கூடிவிட்டது, எங்கே தப்பு?

#1 அரைகிளட்ச் · ஞாயிறு, இரவு 11:52

இரண்டு வருடமாக கேம்பேடில் ஏசிசி ஓட்டுகிறேன், அதாவது அசெட்டோ கோர்சா காம்பெடிட்சியோனே என்ற கார் ரேஸ் விளையாட்டு. இத்தாலியின் மோன்சா ட்ராக்கில் ஃபெராரி 488 ஜிடி3 ரேஸ் காரில் என் சிறந்த லேப் 1:51.4. பெரிய ஆள் இல்லை, ஆனால் நண்பர்கள் நடத்தும் வாராந்தரப் போட்டியில் நடுவரிசையில் நின்றுவிடுவேன்.

போன மாதம் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. ஒரு செகண்ட் ஹேண்ட் லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங் வீல், மிதிகளோடு வாங்கினேன். நான்கு இரவு, தினம் இரண்டு மணி நேரம் ஓட்டியாகிவிட்டது. சிறந்த லேப் 1:54.9. பத்து லேப் ஓட்டினால் ஆறில் சுழன்று நிற்கிறேன். ரெட்டிஃபிலோவில், அதாவது மெயின் ஸ்ட்ரெய்ட் முடிந்ததும் வரும் அந்த முதல் வலது-இடது வளைவில், ஒன்று வண்டி திரும்பாமல் நேராகப் போகிறது, இல்லையென்றால் பின்பக்கம் சட்டென்று முன்னால் வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் எதுவுமே இல்லை.

அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். பிளைவுட் கம்ப்யூட்டர் டேபிள், அதில் வீலைக் கவ்வியிருக்கிறேன். மிதிகள் மொசைக் தரையில். பிரேக்கை அழுத்தினால் மொத்த செட்டும் சுவரைப் பார்த்து ஓடுகிறது. அதனால் அம்மாவின் அம்மிக்கல்லை எடுத்து வந்து பின்னால் முட்டுக்கொடுத்திருக்கிறேன். மிக்ஸி வந்த பிறகு அது பின்கட்டில் சும்மாதான் கிடந்தது.

செட்டிங்கா, பழக்கமா, வீலா, நானா?

#2 கட்டைவிரல் · ஞாயிறு, இரவு 11:58

வீலை விற்றுவிட்டுப் பேடுக்கே வந்துவிடு தம்பி. அம்மிக்கல்லும் வீட்டுக்குத் திரும்பும். நான் ஏழு வருடமாக பேட்தான், எனக்கு என்ன குறைந்துபோயிற்று?

#3 டயர்ப்பொடி · திங்கள், காலை 6:20

கட்டைவிரல் விளையாட்டுக்குச் சொல்கிறார், ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. பேடில் உங்கள் கட்டைவிரல் குச்சியை ஒரு நொடியில் முழுக்கத் தள்ளினாலும் காரின் முன்சக்கரம் அப்படித் திரும்பாது. விளையாட்டு நடுவில் புகுந்து, வேகத்துக்கு ஏற்ப, மெதுவாக, அளவாகத் திருப்பும். உங்கள் 1:51.4-இல் ஒரு பங்கு அந்தக் கண்ணுக்குத் தெரியாத கையின் உழைப்பு. வீலை மாட்டியதும் அது போய்விட்டது. இப்போது நீங்கள் செய்யும் ஒவ்வொரு பதற்றமும் நேராக டயருக்குப் போகிறது. எனவே முதல் வாரம் நேரம் கூடுவது எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்கு நான்கு வினாடி கூடியது.

இருந்தாலும் மூன்றைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் சுழற்சி, அதாவது வீல் மொத்தம் எத்தனை டிகிரி திரும்பும் என்ற அளவு. லாஜிடெக் மென்பொருளில் 900 டிகிரி இருக்கிறதா? விளையாட்டிலும் அதே 900 இருக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு காருக்கும் உரிய எல்லையை ஏசிசி தானே போட்டுக்கொள்ளும். உங்கள் 488-க்கு 480, போர்ஷே 911-க்கு 800. பிட்டில் (கார் நிறுத்துமிடத்தில்) நின்றுகொண்டு வீலைக் கால்வட்டம் திருப்புங்கள். திரையில் தெரியும் கைகளும் சரியாகக் கால்வட்டம் திரும்ப வேண்டும். கொஞ்சம் முன்பின் இருந்தாலும் எங்கோ பிசகு.

இரண்டாவது ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது டயரின் உணர்வை வீலின் மோட்டார் கைக்குத் தருவது. அதன் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயினை 100 வைத்திருக்கிறீர்களா? வைத்திருப்பீர்கள், எல்லோரும் வைப்பார்கள். ஜி29-இன் மோட்டாருக்குச் சுமார் 2 நியூட்டன் மீட்டர்தான் சக்தி. கெயினை ஏற்றிவிட்டால் வேகமான வளைவில் அது உச்சத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் டயர் என்ன சொன்னாலும் கைக்கு வராது. முன்டயர் பிடியை இழக்கத் தொடங்கும்போது ஸ்டீயரிங் லேசாகும், அந்த லேசுதான் எச்சரிக்கை. உச்சத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் மோட்டார் அதை மறைத்துவிடும். திரையில் த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்), பிரேக் பட்டைகளுக்குப் பக்கத்தில் ஃபோர்ஸ் பட்டையும் இருக்கும். லெஸ்மோ வளைவுகளில் அது சிவந்துகொண்டே இருந்தால் 70 பக்கம் இறக்குங்கள்.

மூன்றாவது பார்வைக் கோணம். எத்தனை அங்குல மானிட்டர், கண்ணிலிருந்து எவ்வளவு தூரம்?

#4 ராத்திரிஷிப்ட் · திங்கள், காலை 7:45

நேரத்தை வீணாக்க வேண்டாம் ப்ரோ. லோட் செல் மிதி வாங்குங்கள். ஜி29-உடன் வரும் மிதிகள் பொட்டென்ஷியோமீட்டர், கால் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைத்தான் அளக்கும். லோட் செல் எவ்வளவு பலமாக அழுத்தினீர்கள் என்பதை அளக்கும். நம் கால் தூரத்தை ஞாபகம் வைக்காது, பலத்தைத்தான் ஞாபகம் வைக்கும். நான் மாற்றிய அன்றைக்கே 0.8 குறைந்தது. மற்றதெல்லாம் மனசாந்திக்கு.

#5 அரைகிளட்ச் · திங்கள், இரவு 10:30

டயர்ப்பொடி அண்ணா, காலில் விழுகிறேன். சுழற்சி 360-இல் இருந்தது! வீலை விற்றவர் வேறு ஏதோ ஆர்கேட் விளையாட்டுக்கு வைத்தது, நான் பார்க்கவே இல்லை. கையைக் கொஞ்சம் அசைத்தாலே கார் இரண்டு மடங்குக்கு மேல் திரும்பியிருக்கிறது. 900 ஆக்கியதும் சுழல்வது பாதியாகக் குறைந்தது. கெயினை 72-க்கு இறக்கினேன். ட்ராக் ஓரத்துக் கெர்ப் மேல் ஏறினால் முன்பு ஒரே தடதடப்பு, இப்போது முன்சக்கரம் ஏறுவது தனி, பின்சக்கரம் ஏறுவது தனியாகத் தெரிகிறது.

மானிட்டர் 24 அங்குலம். கண்ணிலிருந்து 75 செ.மீ. கோணம் 55 வைத்திருந்தேன், பேடில் ஓட்டும்போது வைத்தது.

இன்றைய சிறந்த லேப் 1:53.8. இன்னும் பேடைவிட 2.4 வினாடி அதிகம். லோட் செல்லுக்கு இப்போது காசில்லை. அடுத்த சீட்டு எனக்கு விழ இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது.

#6 டயர்ப்பொடி · செவ்வாய், காலை 6:15

24 அங்குல மானிட்டரின் உயரம் ஏறக்குறைய 30 செ.மீ. 75 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் உண்மையான செங்குத்துக் கோணம் 23 டிகிரிக்கும் கீழே வரும். ஏசிசி கேட்பது அந்தச் செங்குத்துக் கோணத்தைத்தான். நீங்கள் 55 வைத்தால் எல்லாம் சின்னதாகவும் தூரமாகவும் தெரியும், வேகம் மட்டும் அதிகம் போலத் தோன்றும். வளைவு இன்னும் தள்ளி இருக்கிறது என்று கண் பொய் சொல்லும்.

23 வைத்தால் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போல இருக்கும், வேண்டாம். மானிட்டரை முன்னால் இழுங்கள், வீலுக்கு ஒட்டிப் பின்னால் வரட்டும். 50 செ.மீ. தூரம் கிடைத்தால் கோணம் 33 ஆகும். அது போதும். பக்கத்துக் கார் தெரியாது, அதற்குத் திரையில் ரேடார் இருக்கிறது.

இரண்டு நாளைக்குத் தலைசுற்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

#7 வடக்குவீதி · செவ்வாய், பிற்பகல் 2:10

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், தம்பி. ஒருத்தரும் கேட்காத கேள்வி: நீர் இருக்கிற கதிரைக்குச் சில்லு இருக்கோ? இருந்தால் அம்மிக்கல்லு வைச்சும் பிரயோசனம் இல்லை. மிதி பின்னுக்குப் போகாது, நீர் பின்னுக்குப் போவீர். பிரேக் அடிக்கேக்க முழங்கால் நிமிருகிற அளவு ஒவ்வொரு முறையும் மாறும், பிறகு கால் எதைப் பழகும்?

நான் செய்த வைத்தியம் இதுதான். பழைய சப்பாத்து ஐந்து எடுத்து, கதிரையின் ஐந்து சில்லையும் ஒவ்வொரு சப்பாத்துக்குள்ளே இறக்கிவிட்டேன். அசையாது. வீட்டில் சிரிச்சவை, சிரிக்கட்டும்.

#8 அரைகிளட்ச் · செவ்வாய், இரவு 11:15

ஐயோ, அண்ணை! சொன்ன பிறகுதான் கவனித்தேன். ரெட்டிஃபிலோவுக்கு ஒவ்வொரு தடவை பிரேக் அடிக்கும்போதும் நாற்காலி ஒரு சாண் பின்னால் போகிறது. லெஸ்மோ வருவதற்குள் காலால் இழுத்துக்கொண்டு முன்னால் வருகிறேன். இது எனக்குத் தெரியாமலே ஐந்து நாளாக நடந்திருக்கிறது. வீட்டில் ஒற்றை ஒற்றையாக நான்கு ஷூதான் தேறியது. ஐந்தாவது சக்கரத்துக்குத் தம்பியின் கிரிக்கெட் ஷூ. அவனுக்கு இன்னும் தெரியாது.

#9 நாலாம்மாடி · புதன், இரவு 9:05

இழையை முழுக்கப் படித்தேன். எல்லோரும் நல்லதைத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் யாருமே உங்கள் லேப்பைப் பார்க்கவில்லை. ஜுரம் எவ்வளவு என்று பார்க்காமல் மருந்து எழுதும் வேலை இது.

ஏசிசியில் கார் செட்டப் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் பகுதியில் டெலிமெட்ரி லேப்ஸ், அதாவது எத்தனை லேப்பின் ஓட்டத்தைப் பதிய வேண்டும் என்று ஒன்று இருக்கும். அதில் 10 போடுங்கள். ஓட்டி முடித்ததும் டாக்குமெண்ட்ஸில் விளையாட்டின் ஃபோல்டருக்குள் மோடெக் என்று ஒரு ஃபோல்டரில் கோப்பு விழும். அதைக் கோடுகளாகக் காட்டும் மோடெக் ஐ2 மென்பொருள் இலவசம். நானும் 488 ஓட்டுவேன், மோன்சாவில் என் லேப் 1:48.9. என் கோப்பை அனுப்புகிறேன், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வேகம், பிரேக், ஸ்டீயரிங் மூன்று கோடு போதும். மற்றதைத் திறந்தால் பயம்தான் வரும்.

#10 அரைகிளட்ச் · வியாழன், இரவு 12:40

அக்கா, பார்த்தேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள்.

நேர்ச்சாலையில் இருவர் வேகமும் ஒன்றுதான். 150 மீட்டர் பலகையைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி இருவரும் பிரேக் அடிக்கிறோம், நான் சுமார் ஏழு மீட்டர் முன்னால். ஏழு மீட்டர் பெரிசாகத் தெரிந்தது. கணக்குப் போட்டேன், மணிக்கு 260 கி.மீ. என்றால் வினாடிக்கு 72 மீட்டர். அதாவது ஏழு மீட்டர் என்பது 0.1 வினாடிதான். அங்கே என் 2 வினாடி இல்லை.

ஆனால் பிரேக் கோடு! உங்களுடையது சட்டென்று 100-க்கு ஏறி, கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் சறுக்குமரம் மாதிரி இறங்குகிறது. என்னுடையது சுவர் மாதிரி ஏறி, சுவர் மாதிரி இறங்குகிறது. அப்புறம் ஒரு சின்ன மேடு வேறு, திருப்பத்துக்கு நடுவில் பயந்துபோய் மறுபடி தொட்டிருக்கிறேன். ஸ்டீயரிங் கோட்டில் நான் உங்களைவிட நிறையத் திருப்பியிருக்கிறேன், ஆனால் வளைவின் மிகக் குறைந்த வேகம் எனக்கு 63, உங்களுக்கு 70.

நிறையத் திருப்பியும் ஏன் கார் திரும்பவில்லை?

#11 நாலாம்மாடி · வியாழன், இரவு 9:30

கேள்விக்குள்ளேயே பதிலை வைத்திருக்கிறீர்கள். விரிவாகவே எழுதுகிறேன், இன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது.

பிரேக் அடிக்கும்போது காரின் பாரம் முன்டயர்மேல் சாய்கிறது. பாரம் இருக்கும் டயருக்குத்தான் பிடி. நீங்கள் திருப்பத் தொடங்கும் அதே கணத்தில் காலைச் சடாரென்று எடுத்துவிடுகிறீர்கள். 60 சதவீதத்திலிருந்து பூஜ்ஜியத்துக்கு வர உங்களுக்குக் கிட்டத்தட்ட 0.1 வினாடி ஆகிறது. பாரம் பின்னால் ஓடுகிறது, மூக்கு தூக்குகிறது, முன்டயருக்குப் பிடி இல்லாத நேரம் பார்த்து நீங்கள் திருப்பச் சொல்கிறீர்கள். அது திரும்பாது. உடனே பயத்தில் இன்னும் திருப்புகிறீர்கள். அப்புறம் அந்தச் சின்ன மேடு, பிரேக்கை மறுபடித் தொடுகிறீர்கள். பாரம் முன்னால் பாய்கிறது, அதிகமாகத் திருப்பி வைத்த முன்டயர் திடீரென்று கவ்விக்கொள்கிறது, பின்பக்கம் லேசாகிவிட்டதால் கார் சுழல்கிறது. முதல் பதிவில் நீங்கள் சொன்ன இரண்டு வியாதியும், நேராகப் போவதும் சுழல்வதும், ஒரே காரணத்தால் வருகிறது.

என் கோட்டில் அந்த 60-லிருந்து பூஜ்ஜியத்துக்குக் கிட்டத்தட்ட 0.9 வினாடி ஆகிறது பாருங்கள். கையைத் திருப்பத் திருப்பக் கால் இறங்குகிறது. ஊரில் ட்ரெயில் பிரேக்கிங் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். கிணற்றில் குடத்தை இறக்கும்போது கயிற்றை எப்படி விடுவோம், அவ்வளவுதான். கயிற்றை மொத்தமாக விட்டுவிட்டால் குடம் என்ன ஆகும்?

இன்னொன்றும் இருக்கிறது. ஜிடி3 காரில் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 260-இல் இருக்கும் அழுத்தம் 130-க்கு வரும்போது கால்வாசிதான். அதனால் முதலில் முழுப் பலத்தோடு மிதிக்கலாம், டயர் தாங்கும். வேகம் குறையக் குறைய அதே பலம் அதிகம். கடைசிவரை 100-லேயே வைத்தால் ஏபிஎஸ் உளறிக்கொண்டே வரும், அந்த நேரத்தில் திரும்பச் சொன்னாலும் கார் கேட்காது.

அப்புறம், ரெட்டிஃபிலோவை விட்டுவிட்டு லெஸ்மோ இரண்டையும் கடைசி வளைவான பாராபோலிகாவையும் பாருங்கள். அங்கேதான் உங்களுக்கு அதிகம் போகிறது. பாராபோலிகாவிலிருந்து, 2021 முதல் அதற்கு ரேஸ் வீரர் மிக்கேலே அல்போரெத்தோவின் பெயர், நீங்கள் வெளியே வரும்போது என்னைவிட 6 கி.மீ. குறைவு. அடுத்து வருவது ஒரு கிலோமீட்டருக்கும் மேலான நேர்ச்சாலை. 3 கி.மீ. குறைந்தாலே அங்கு 0.2 வினாடிக்கு அருகில் போய்விடும், உங்களுக்கு அதுபோல் இரண்டு பங்கு. அந்த வளைவில் நீங்கள் த்ராட்டிலைத் தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து, நான்கு தடவை. காரணம் மறுபடி அதே பிரேக்தான். சீக்கிரம் விட்டதால் கார் திரும்பி முடியவில்லை, திரும்பி முடியாததால் த்ராட்டில் கொடுக்க முடியவில்லை.

#12 ராத்திரிஷிப்ட் · வெள்ளி, காலை 7:10

அக்கா இவ்வளவு எழுதி நான் ஒரே வரியில் சொன்னதையே நிரூபித்திருக்கிறார். பிரேக்கை மெதுவாக விட வேண்டுமென்றால் பலத்தை அளக்கும் மிதி வேண்டும். ஜி29 பிரேக் மிதிக்குள் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது, முதல் பாதி காற்றில் மிதிப்பது போல, அடுத்த பாதி கல்லை மிதிப்பது போல. அதில் என்ன பழகுவது?

#13 டயர்ப்பொடி · வெள்ளி, மாலை 5:50

லோட் செல் நல்லது என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. வசதி இருந்தால் வீலைவிட முதலில் மிதியைத்தான் மாற்றச் சொல்வேன். ஆனால் விடவே தெரியாத கால் லோட் செல்மேலும் சுவர் மாதிரிதான் விடும், அதிக விலைக்கு விடும். தம்பி கேட்டது இருப்பதை வைத்து என்ன செய்வது என்று.

மிதியை இரண்டு விதத்தில் சரிக்கட்டலாம். முழுக்க அழுத்தினாலும் விளையாட்டில் 100 வரவில்லையென்றால் திரும்ப அளவு எடுக்கும்போது கால் சௌகரியமாக எட்டும் இடத்தையே 100 என்று சொல்லிக்கொடுங்கள். அப்புறம் ஏசிசியில் பிரேக் காமா என்று ஒன்று உண்டு. 1-க்கு மேல் ஏற்றினால் மிதியின் ஆரம்பப் பகுதி மென்மையாகும், கடைசியில் வேகமாக ஏறும். விடும்போது கீழ்ப்பகுதியில் விளையாட இடம் கிடைக்கும். 1.5-இல் ஆரம்பித்துப் பாருங்கள்.

பயிற்சி ஒன்று சொல்கிறேன், கேலி செய்யாதீர்கள். பிட்டில் காரை நிறுத்தி, கண்ணை மூடி, பிரேக்கை 60 என்று நினைத்து அழுத்துங்கள். கண்ணைத் திறந்து பட்டையைப் பாருங்கள். 85 இருக்கும். மறுபடி. 60, 40, 20, 10. தினம் ஐந்து நிமிஷம். 20-க்கும் 10-க்கும் வித்தியாசம் காலுக்குத் தெரியும்வரை. ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடு செய்யுங்கள். ஷூக்கள் நாற்காலிக்குத்தானே போய்விட்டன.

#14 கட்டைவிரல் · வெள்ளி, இரவு 10:20

இடது காலா, வலது காலா? அதை யாரும் கேட்கவில்லையே. ரோட்டில் கார் ஓட்டுபவன் வலது காலால்தான் பிரேக் அடிப்பான்.

#15 அரைகிளட்ச் · வெள்ளி, இரவு 10:35

நான் இதுவரை வலது கால்தான். ரோட்டில் பழகியது அதுதானே.

#16 டயர்ப்பொடி · வெள்ளி, இரவு 10:50

இரண்டு மிதியில் ஓடும் காருக்கு இடது கால்தான். த்ராட்டிலிலிருந்து பிரேக்குக்குக் கால் தாவும் நேரமும் மிச்சம், பிரேக் இறங்கும்போதே த்ராட்டில் ஏறவும் முடியும். முதல் நாள் கிளட்ச் மிதிப்பது போல ஓங்கி மிதிப்பீர்கள், தலை முன்னால் முட்டுவது போல இருக்கும். உண்மையான காரில் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். என் மைத்துனர் பார்த்தார்.

#17 வடக்குவீதி · சனி, காலை 11:00

மைத்துனருக்கு என்ன நடந்தது?

#18 டயர்ப்பொடி · சனி, காலை 11:04

சிக்னலில் பின்னால் வந்த ஆட்டோக்காரர் நல்லவர். அவ்வளவு போதும்.

#19 அரைகிளட்ச் · ஞாயிறு (ஒரு வாரம் கழித்து), இரவு 10:10

அறிக்கை.

திங்கள் முதல் புதன்வரை லேப் டைமைத் திரையில் மறைத்துவிட்டேன். சிறந்த லேப்பைவிட எவ்வளவு முன்பின் என்று காட்டும் டெல்டாவையும் எடுத்துவிட்டேன். அது பச்சையானால் பதறுகிறேன், சிவப்பானாலும் பதறுகிறேன். வேண்டுமென்றே பத்து மீட்டர் முன்னால் பிரேக் அடித்து, விடும்போது மட்டும் மனசுக்குள் “ஒண்ணு... ரெண்டு” என்று எண்ணினேன். முதல் நாள் எண்ணிக்கொண்டே நேராகச் சரளைக்குள் போனேன், திருப்ப மறந்துவிட்டது. இடது கால் மூன்று நாள் தடுமாறியது. கெண்டைக்காலில் வலி வேறு.

வியாழக்கிழமை லெஸ்மோ 1-இல் ஒரு விஷயம் நடந்தது. அதைச் சரியாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை. பிரேக் 20 பக்கம் இருக்கும்போது, உள்கெர்ப்புக்கு இன்னும் ஒரு கார் நீளம் இருக்கும்போது, ஸ்டீயரிங் என் கையில் கனத்தது. பிறகு ஒரு மயிரிழை லேசாகி, மறுபடி கனத்தது. கார் தானே உள்ளே வந்தது. நான் கையைத் திருப்பவில்லை, திருப்பியிருந்ததைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். பேடில் இரண்டு வருடத்தில் இப்படி ஒன்று வந்ததே இல்லை. அடுத்த இருபது லேப்பில் ஆறு தடவைதான் மறுபடி வந்தது.

லேப்: வெள்ளி 1:51.9, சனி 1:51.1, இன்று 1:50.6. பேடைத் தாண்டியாகிவிட்டது. சுழல்வது இருபது லேப்புக்கு ஒன்று.

இடது-வலது-இடது என்று வரும் அஸ்காரியில் மட்டும் இன்னும் கதறுகிறேன். முதல் இடதில் நன்றாக வந்தால் மூன்றாவதில் வெளியே போய் லேப் செல்லாமல் போகிறது.

#20 நாலாம்மாடி · ஞாயிறு, இரவு 10:45

1:50.6 நல்ல நேரம். அஸ்காரியில் முதல் வளைவில் பேராசைப்படுகிறீர்கள் என்று கோப்பைப் பார்க்காமலே சொல்வேன். முதல் இடதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, நடு வலதுக்குக் காரை நேராக வைத்தால் கடைசி இடது சும்மா வந்துவிடும். அதற்கு அடுத்தும் நேர்ச்சாலைதான், அங்கே சம்பாதியுங்கள்.

பாராபோலிகா வெளிப்பக்கம் வெள்ளைக்கோட்டைத் தாண்டினால் அடுத்த லேப்பும் சேர்ந்து செல்லாமல் போகும், ஜாக்கிரதை.

#21 ராத்திரிஷிப்ட் · திங்கள், காலை 7:30

சரி, ஒப்புக்கொள்கிறேன், 4.3 வினாடி குறைத்தது மலிவான மிதியில்தான். செட்டப் என்ன? டயர் பிரஷர் பார்த்தீர்களா? சூடானதும் 26-க்கும் 27 பிஎஸ்ஐ-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கெர்ப் எப்படி ஏறுகிறீர்கள்? நிஜ மோன்சாவில் 2024-இல் தார் புதிதாகப் போட்டு கெர்ப்களையும் மாற்றிவிட்டார்கள். விளையாட்டில் இருப்பது அதற்கு முந்தியது, இப்போதைய ரேஸ் வீடியோவைப் பார்த்து லைன் பழகாதீர்கள்.

#22 அரைகிளட்ச் · திங்கள், இரவு 9:15

செட்டப் விளையாட்டில் வரும் அக்ரெசிவ், தொடவே இல்லை. பிரஷர் மட்டும் பார்த்தேன், 27.6 இருந்தது, இறக்கினேன். 0.1 கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் இருக்கலாம். என் லேப்களுக்குள் வித்தியாசமே அரை வினாடி இருக்கும்போது அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

#23 கட்டைவிரல் · புதன், இரவு 11:30

கொஞ்சம் வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும்.

இந்த இழையைக் கிண்டலுக்குத்தான் படித்துக்கொண்டிருந்தேன். நேற்று சும்மா இருக்காமல் என் லேப்பையும் மோடெக்கில் போட்டுப் பார்த்தேன். என் பிரேக் கோடும் சுவர்தான், ஏழு வருடமாகச் சுவர். பேடின் இடது ட்ரிகரை நான் சுவிட்ச் மாதிரி தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒன்று போட்டது, இல்லை அணைத்தது. நேற்று இரவு ட்ரிகரைக் கயிறு விடுவது போல விட்டுப் பார்த்தேன். எண்ணவும் செய்தேன், ஒண்ணு, ரெண்டு.

என் பழைய லேப் 1:50.3. இன்று 1:49.8. அதே பேட்.

எனவே வீலால் எதுவும் ஆகவில்லை என்ற என் கட்சி அப்படியே நிற்கிறது. ஆனால் அக்காவுக்கு நன்றி.

#24 நாலாம்மாடி · வியாழன், காலை 8:00

கட்சியை வைத்துக்கொள்ளுங்கள், கோப்பை மட்டும் அனுப்புங்கள். பேடில் அந்தக் கோடு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை.

#25 டயர்ப்பொடி · வியாழன், மாலை 6:10

அரைகிளட்ச் தம்பியின் வீல் வராமல் இருந்திருந்தால் கட்டைவிரல் இன்னும் ஏழு வருடம் சுவிட்ச் தட்டிக்கொண்டிருப்பார். வீல் மூன்றரை வினாடியைக் கூட்டிக் காட்டியதால்தான் தம்பி தேடவே ஆரம்பித்தார்.

#26 அரைகிளட்ச் · ஞாயிறு, இரவு 11:20

1:49.7. வாராந்தரப் போட்டியில் நான்காவது. கட்டைவிரல் அண்ணன் மூன்றாவது, கடைசி லேப்பில் ரெட்டிஃபிலோவில் உள்ளே நுழைந்தார், நான் விட்டுக்கொடுத்தேன் என்று எழுதிக்கொள்ளட்டும்.

இரண்டு செய்தி. தம்பி கிரிக்கெட் ஷூவைக் கண்டுபிடித்துவிட்டான், ஐந்தாவது சக்கரம் இப்போது அனாதை. இன்னொன்று, அத்தை ஊரிலிருந்து வந்திருக்கிறார், அம்மியில் அரைத்தால்தான் மீன்குழம்புக்கு ருசி என்று சொல்லிவிட்டார். கல் நாளைக் காலை பின்கட்டுக்குப் போகிறது.

மிதிக்குப் பின்னால் என்ன வைப்பது?

#27 வடக்குவீதி · ஞாயிறு, இரவு 11:31

25 கிலோ அரிசி மூட்டை. மாதக் கடைசியில் மட்டும் பிரேக் கொஞ்சம் முன்னுக்கு அடியும், மூட்டை இளைச்சிருக்கும்.